திருகோணமலைக் கப்பலில் கல்யாண விருந்து

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்று ஒரு துறைமுகப் பட்டணம் இருக்கிறது. அங்கே பழைய துறை ஒன்றில் மூன்று பாய்மரங்களோடு ஒரு கப்பல் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் டிரிங்கோமாலி. வெள்ளைக்காரன் வாயில் அப்படி உருண்டு போயிருக்கிறதே தவிர, இலங்கையில் தமிழ் மக்கள் வாழும் திருகோணமலையின் பெயர்தான் அது. 1782ல் அந்தத் துறைமுகத்துக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கடலில் மோதிக்கொண்டார்கள். பிறகு அந்த ஊரின் பெயரையே ஒரு போர்க்கப்பலுக்குச் சூட்டிவிட்டார்கள். அடுத்தவன் ஊரைப் பிடிப்பது, பிடித்த ஊரின் பெயரைத் தன் கப்பலில் எழுதிக்கொள்வது, இது ஏகாதிபத்தியத்தின் பழைய வழக்கம்.

பெயர் மட்டும் இந்தப் பக்கத்துப் பெயர் என்று நினைக்க வேண்டாம். கப்பலே இங்கிருந்து போனதுதான். மரம் மலபார்த் தேக்கு. கட்டியது பம்பாய்த் துறையில். நீரில் இறங்கியது 1817 அக்டோபர் 12ந் தேதி. இருநூறு வருஷங்களுக்கு மேல் ஆகியும் இன்னும் மிதக்கிறது. இன்றைக்கும் மிதந்துகொண்டிருக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இதுவே மிகப் பழையது.

இப்போது அது காட்சிசாலை. பகலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்கள் ஏறிப் பார்க்கிறார்கள். கல்யாணத்துக்கும், கம்பெனி விருந்துகளுக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். அந்தப் பக்கம் பிழைக்கப் போயிருக்கும் நண்பர்களைக் காணச் சென்ற சமயத்தில் நாமும் ஏறிப் பார்த்தோம். பீரங்கித் தட்டில் நீண்ட மேஜைகளைப் போட்டு வெள்ளைத் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். பீரங்கிக்கும் பீரங்கிக்கும் நடுவில் நாற்காலிகள். அன்று மாலை யாருக்கோ கல்யாண விருந்து.

“மில்லில் எட்டு மணி நேரம் கால் கடுக்க நின்றுவிட்டு வருகிறவனுக்கும், நாள் முழுதும் நாற்று நட்டு இடுப்பொடிந்து வருகிறவளுக்கும் சீமைக் கப்பல் சமாசாரம் எதற்கு?” என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்தக் கப்பலின் கணக்கைப் பார்த்தால் நம் கணக்கும் அதற்குள் இருப்பது தெரியும். அதனால்தான் எழுதுகிறோம்.

காடு யாருடையது?

முதலில் மரத்திலிருந்து தொடங்குவோம். மரமில்லாமல் கப்பல் ஏது?

நெப்போலியனோடு நடந்த நீண்ட யுத்தத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்குக் கப்பல் மேல் கப்பல் தேவைப்பட்டது. அங்கே ஓக் மரம் குறைந்துவிட்டது. தேக்கின் குணம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஓக் மரத்தில் இருக்கும் ஒருவிதப் புளிப்புச் சத்து இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கில் எண்ணெய் இருக்கிறது. அது ஆணியையும் காக்கும், தன்னையும் காக்கும். புழுவும் பூச்சியும் எளிதில் அண்டாது. ஆகவே கண் மலபார்க் காட்டின்மேல் விழுந்தது.

அன்று மலபார் சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. 1806ல் வாட்சன் என்ற போலீஸ் அதிகாரியை அங்கே வனப் பாதுகாவலர் என்று நியமித்தார்கள். இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள் அவர்தான். பதவியின் பெயர் பாதுகாவலர். செய்த வேலையோ வேறு. தேக்கு முழுதும் கம்பெனிக்கே சொந்தம், வேறு யாரும் வெட்டக் கூடாது, விற்கக் கூடாது என்று ஏகபோகம் ஏற்படுத்தினார்கள். தலைமுறை தலைமுறையாகக் காட்டில் மரம் வெட்டி வீடு கட்டியவனும், ஏர் செய்தவனும், ஓடம் கட்டியவனும் ஒரே நாளில் திருடன் ஆனான். குடியானவர்களும் மர வியாபாரிகளும் கொதித்தார்கள். எதிர்ப்பு ஓயவில்லை. கடைசியில் 1823ல் கவர்னர் தாமஸ் மன்றோ காலத்தில் அந்தப் பதவியையே ரத்து செய்யவேண்டி வந்தது.

டிரிங்கோமாலிக் கப்பல் கட்டப்பட்டது 1816லும் 1817லும். அதாவது, இந்த ஏகபோகம் நடந்த காலத்தில். காட்டில் கோடாலி பிடித்தவன், யானையை வைத்து மரம் இழுத்தவன், ஆற்றில் மரத்தை மிதக்கவிட்டுக் கரை சேர்த்தவன் இவர்கள் எல்லாரும் அந்தக் கப்பலுக்குள் இருக்கிறார்கள். தேக்குப் பலகையைக் கையால் தடவிப் பார்க்கிறவர்கள், “அடடா, என்ன வழவழப்பு!” என்று வியக்கிறார்கள். வியக்கட்டும். அந்தப் பலகைக்காக ஒரு காட்டு ஜனத்தின் உரிமை பறிபோனது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும்.

ஒரு வெள்ளி ஆணியும் ஆயிரம் ஆணியும்

பம்பாயில் கப்பல் கட்டிய மேஸ்திரிகள் வாடியாக்கள் என்ற பார்ஸிக் குடும்பத்தார். வாடியா என்றாலே கப்பல் கட்டுகிறவன் என்றுதான் பொருள். இந்தக் குடும்பத்தின் மூத்தவரான லோவ்ஜி நஸர்வான்ஜி 1736ல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்த தச்சர். அவர் வழியில் வந்த ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாதான் டிரிங்கோமாலியைக் கட்டியவர். 1813ல் அவர் கட்டிய ‘கார்ன்வாலிஸ்’ என்ற போர்க்கப்பலில்தான், பிற்பாடு 1842ல், சீன தேசத்தை மண்டியிட வைத்த நான்கிங் ஒப்பந்தம் கையெழுத்தானது.

டிரிங்கோமாலியின் வரைபடம் லண்டனிலிருந்து வந்தது. முதலில் அதை ஏற்றி வந்த ‘ஜாவா’ என்ற கப்பலை 1812ல் அமெரிக்கக் கப்பல் ஒன்று சண்டையில் அழித்துவிட்டது. மறுபடி ஒரு பிரதி அனுப்பினார்கள். அதனால் வேலை தாமதமாயிற்று. கட்டி முடிக்கச் சுமார் 23,000 பவுண்டு செலவு என்று கணக்கு இருக்கிறது.

அடிமரம் வைக்கும்போது பார்ஸி வழக்கப்படி ஒரு வெள்ளி ஆணியை அடித்தார்களாம். கப்பலுக்கு க்ஷேமம் உண்டாகட்டும் என்று. இந்த வெள்ளி ஆணியின் கதையை இன்றும் எல்லாரும் ஆசையாகச் சொல்கிறார்கள். நல்ல கதைதான். ஆனால் ஒரு வெள்ளி ஆணியால் கப்பல் நிற்காது. அதைத் தாங்கி நிற்பவை மற்ற ஆயிரக்கணக்கான ஆணிகள். அவற்றை அடித்தவர்கள் யார்?

ரம்பம் இழுத்த அறுப்புக்காரர்கள். வாய்ச்சி பிடித்த தச்சர்கள். உலை ஊதிய கொல்லர்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே நாரைத் திணித்துக் கீல் பூசிக் கலப்பத்து அடித்தவர்கள். கயிறு முறுக்கியவர்கள், பாய் தைத்தவர்கள், சுமை தூக்கியவர்கள். கலப்பத்து ஒரு விரற்கடை தவறினால் கப்பலுக்குள் கடல் வந்துவிடும். இருநூறு வருஷமாகக் கடல் வரவில்லை என்றால், அந்தக் கூலிக்காரன் ஒரு விரற்கடைகூடத் தவறவில்லை என்று பொருள். வரைபடம் போட்டவன் பெயர் இருக்கிறது. மேஸ்திரியின் பெயர் இருக்கிறது. பணம் கொடுத்த கடற்படையின் பெயர் இருக்கிறது. கலப்பத்து அடித்தவன் பெயர் எங்கே? சரித்திரப் புஸ்தகத்தில் தேடித் தேடிப் பார்த்தும் நமக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தியத் தச்சன் கட்டிய கப்பல் வேண்டும். அதை ஓட்டுகிற இந்திய மாலுமி மட்டும் வேண்டாம்! லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட நம் மாலுமிகளை, அவர்கள் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட மண்ணிலேயே பிறந்திருந்தாலும், பிரிட்டிஷ் மாலுமிகளாகக் கருதக்கூடாது என்று 1823ல் லண்டன் பார்லிமெண்டில் சட்டம் போட்டார்கள். மரம் இனிக்கிறது, உழைப்பு இனிக்கிறது, உழைத்த மனிதன் மட்டும் கசக்கிறான்!

மேல்தட்டும் கீழ்த்தட்டும்

கப்பலுக்குள் இறங்கிப் பார்த்தால் வர்க்கம் என்பது என்ன என்று யாரும் பிரசங்கம் செய்யாமலே புரியும்.

பின்பக்கம் காப்டன் அறை. விசாலமான ஜன்னல்கள், வெளிச்சம், காற்று, மேஜை, நாற்காலி. அதற்கும் கீழே மாலுமிகள் தட்டு. நிமிர்ந்து நடந்தால் உத்தரம் மண்டையில் இடிக்கும். அங்கேதான் சாப்பாடு, அங்கேதான் தூக்கம். இந்த ரகக் கப்பலில் சுமார் 300 பேர் இருப்பார்கள். உத்தரத்திலிருந்து தூளி கட்டிப் படுக்க வேண்டும். ஒரு தூளிக்குக் கடற்படை ஒதுக்கிய அகலம் 14 அங்குலம். நம் ஊரில் கைக்குழந்தையின் தூளிக்குக்கூட இதைவிட அதிக இடம் விடுவார்கள். பாதிப் பேர் மேலே காவலில் நிற்பதால்தான் மீதிப் பேர் மூச்சு விட முடிந்தது.

தின்பதற்குக் கல்லைப் போன்ற காய்ந்த ரொட்டி, உப்புக்கண்டம். பீரங்கிக்கு வெடிமருந்து தூக்கிக்கொண்டு ஓடச் சின்னஞ்சிறு பையன்கள். பேச்சு மீறினால் முதுகில் சவுக்கு. ஒன்பது வால் வைத்த சவுக்கு. இத்தனையும் வெள்ளைக்கார ஏழைகளுக்கு வெள்ளைக்கார எஜமானர்கள் செய்தது. தோல் நிறம் ஒன்றாக இருந்தால் முதுகு தப்பும் என்று நினைப்பவர்கள் இந்தத் தட்டுக்குள் ஒருமுறை இறங்கிப் பார்க்கட்டும்.

கீழ்த்தட்டுக்காரன் எப்போதும் சும்மா இருந்துவிடவில்லை. இந்தக் கப்பல் பிறந்த அதே பம்பாய்த் துறையில், 1946 பிப்ரவரி 18ந் தேதி, ‘தல்வார்’ பயிற்சி நிலையத்தில் இந்தியக் கடற்படை வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மோசமான சாப்பாடும், அதிகாரிகளின் இழிவான பேச்சும்தான் தீப்பொறி. அது 78 கப்பல்களுக்கும் சுமார் 20,000 வீரர்களுக்கும் பரவியது. பிப்ரவரி 22ல் பம்பாய் மில் தொழிலாளர்கள் ஆலைகளை நிறுத்திவிட்டு அவர்களுக்குத் துணையாகத் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் இருநூறு பேருக்கு மேல் மடிந்தார்கள். கப்பல்காரனுக்காக மில்காரன் உயிரைக் கொடுத்த நாள் அது. கப்பல் சமாசாரம் மில் தொழிலாளிக்கு எதற்கு என்று கேட்டவர்களுக்கு முதல் பதில் இதுதான்.

யாரைச் சுடப் போனது?

கப்பல் 1819ல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. அதற்குள் யுத்தம் முடிந்து நான்கு வருஷம் ஆகிவிட்டது. அவசரம் அவசரமாகக் கேட்ட கப்பலைக் கூரை போட்டு மூடி ஓரத்தில் கட்டிவிட்டார்கள். சுமார் 25 வருஷம் சும்மா கிடந்தது. காட்டை மொட்டையடித்துக் கட்டிய கப்பலின் உபயோகம் இந்த லட்சணத்தில் இருந்தது!

பிறகு எடுத்துச் செப்பனிட்டு 1847லிருந்து 1850 வரை அட்லாண்டிக் பக்கமும், 1852லிருந்து 1857 வரை பசிபிக் பக்கமும் அனுப்பினார்கள். 1856ல் கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர் தீவில் அது என்ன செய்தது தெரியுமா? அங்கே கவிச்சன் என்ற பழங்குடி மக்கள் தங்கள் நிலத்தில் வாழ்ந்து வந்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவரை ஒரு பழங்குடி இளைஞன் சுட்டுக் காயப்படுத்தினான் என்று காரணம் காட்டி, கவர்னர் டக்ளஸ் இந்தக் கப்பலிலிருந்து நூற்றுக்கணக்கான படையினரை இறக்கினார். அந்த இளைஞனைப் பிடித்தார்கள். அங்கேயே விசாரணை, அங்கேயே தீர்ப்பு. அவன் ஜனங்களின் கண்ணெதிரிலேயே தூக்கிலிட்டார்கள்.

மலபார்க் காட்டு ஜனத்திடம் பறித்த மரத்தில் ஏறிப் போய், கனடாவின் காட்டு ஜனத்தை மிரட்டினார்கள். அந்த மரத்துக்குத் தெரியாது. நமக்குத் தெரிய வேண்டும்.

காப்பாற்றிய கைகள்

பாய்க்கப்பல் காலம் முடிந்து நீராவிக் கப்பல் வந்தது. டிரிங்கோமாலியைப் பயிற்சிக் கப்பலாக ஊர் ஊராகக் கட்டி வைத்தார்கள். 1862லிருந்து 1877 வரை ஹார்ட்டில்பூலிலேயே இருந்தது. 1897ல் விறகு விலைக்கு உடைக்க விற்றுவிட்டார்கள். ஜார்ஜ் வீட்லி காப் என்ற தனவந்தர் அதை மீட்டு, ‘ஃபூட்ராயன்ட்’ என்று பெயர் மாற்றி, பையன்களுக்குக் கடல் தொழில் பழக்கும் கப்பலாக வைத்துக்கொண்டார். 1986 வரை அந்த வேலை நடந்தது. 1987ல் ஒரு பெரிய மிதவைமேல் ஏற்றி ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஹார்ட்டில்பூலுக்கு ஏன் கொண்டுவந்தார்கள்? இங்கேதான் தொழிலாளி கவனிக்க வேண்டிய இடம் வருகிறது.

ஹார்ட்டில்பூல் கப்பல் கட்டிப் பிழைத்த ஊர். அங்கே பெரிய கப்பல் பட்டறை வில்லியம் கிரே கம்பெனியுடையது. 1962ல் அது மூடப்பட்டது. இரும்பு உருக்காலையும் 1977ல் உலையை அணைத்துவிட்டது. ஊர் பாதி செத்தது போலாயிற்று. ஆனால் பட்டறை மூடினாலும் கை மறக்குமா? 1979லிருந்து 1987 வரை ‘வாரியர்’ என்ற 1860ம் வருஷத்து இரும்புப் போர்க்கப்பலை அந்த ஊரில் வைத்துத்தான் செப்பனிட்டார்கள். அந்த வேலையில் தேர்ந்த கைகள் அங்கே இருந்தன. அந்தக் கைகளை நம்பித்தான் டிரிங்கோமாலியும் வந்தது.

1990ல் வேலை தொடங்கி 2001ல் முடிந்தது. செலவு ஒரு கோடியே ஐந்து லட்சம் பவுண்டு. 1992ல் பழைய பெயரையும் திருப்பிக் கொடுத்தார்கள். பழைய பலகையில் நல்லதை நிறுத்தி, உளுத்ததை மட்டும் எடுத்து, பாய்மரத்தைப் புதிதாக நிமிர்த்தினார்கள். இன்று நாம் பார்க்கும் கப்பலில் பெரும்பகுதி பம்பாயில் வைத்த பழைய தேக்குத்தான். 1817ல் பம்பாய்த் தச்சன் விட்ட இடத்திலிருந்து 1990ல் ஹார்ட்டில்பூல் தச்சன் வேலையைத் தொடர்ந்தான். ஒருவன் பாஷை மற்றவனுக்குத் தெரியாது. ஒருவன் செய்த மூட்டை மற்றவன் பார்த்ததும், “இவன் கெட்டிக்காரன்” என்று தெரிந்துகொண்டிருப்பான். சர்வதேசத் தொழிலாளர் ஒற்றுமை என்று நாம் மேடையில் பேசுவது இதைத்தான். அங்கே அது மரத்தில் இருக்கிறது.

விருந்து தவறா?

இனி விருந்துக்கு வருவோம். கப்பலில் கல்யாணம் செய்வது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. சந்தோஷம் யாருக்கும் விரோதி அல்ல. அந்த மேஜைகளில் அந்த ஊர்த் தொழிலாளியின் மகளும் மணப்பெண்ணாக உட்காரலாம். உட்காரட்டும், நன்றாக வாழட்டும்.

“வாடகைப் பணம் வராவிட்டால் கப்பல் உளுத்துப் போகும்” என்று சொல்கிறார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. மரக்கப்பலைப் பராமரிப்பது யானையைக் கட்டித் தீனி போடுவது போல. வருஷா வருஷம் கயிறு மாற்ற வேண்டும், கீல் பூச வேண்டும், பலகை மாற்ற வேண்டும். டிக்கெட் பணத்தை மட்டும் நம்பினால் போதாது.

ஆனாலும் இரண்டு விஷயங்களைக் கேட்காமல் இருக்க முடியாது.

ஒன்று. ஊரைப் பிடிக்கவும் காட்டைப் பிடிக்கவும் கப்பல் தேவைப்பட்டபோது கஜானா திறந்தே இருந்தது. அதே கப்பலை ஜனங்களின் சரித்திரமாகப் பாதுகாக்க வேண்டும் என்கிறபோது மட்டும், “நீயே சம்பாதித்துச் சாப்பிடு” என்று சொல்வது என்ன நியாயம்? பொதுச் சொத்தைக் காப்பது பொதுக் கஜானாவின் கடமை. விருந்து வருமானம் அதற்கு மேல் ஊறுகாயாக இருக்கலாம். அதையே சோறாக்கிவிட்டால், விருந்து குறைந்த வருஷம் கப்பல் பட்டினி.

இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரிது. வாடகை கொடுப்பவனுக்கு இடம் மட்டும் போதாது, அழகும் வேண்டும். பாய்மரம் அழகு. பித்தளை அழகு. விளக்கொளியில் தேக்கு அழகு. சவுக்கு அழகல்ல. வாட்சனின் ஏகபோகம் அழகல்ல. கவிச்சன் இளைஞனின் தூக்குக் கயிறு அழகல்ல. கல்யாணப் பந்தியில் இந்தப் பேச்சை யார் எடுப்பார்? இப்படியே போனால் சாப்பாட்டு இலையோடு சேர்த்து அந்தக் கதைகளையும் வழித்து எறிந்துவிடும் அபாயம் இருக்கிறது. விருந்துக்கு வாடகை கொடுக்கிறவன் நாளடைவில் சரித்திரத்துக்கும் வாடகை கொடுத்தவன் ஆகிவிடுகிறான். பிறகு அவனுக்குப் பிடித்த சரித்திரம்தான் பரிமாறப்படும். ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது’ என்பார்கள். உழுதவன் கணக்கே எழுதப்படாவிட்டால்? உழக்கு இல்லை என்று சொல்லி அழக்கூட ஆதாரம் இருக்காது.

நம் வாசலில்

இப்போது நம் ஊருக்கு வருவோம். கப்பலைக் கட்டிய அதே வாடியாக் கப்பல் தச்சர் மரபில் வந்தவர்தான் பி.பி. வாடியா. இந்தப் பெயர் நம் மில் தொழிலாளர்களுக்குத் தெரிந்த பெயர். 1918 ஏப்ரல் 27ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது அதன் முதல் தலைவர் அவர்தான். பெரம்பூர் பின்னி ஆலைகளின் தொழிலாளர்களும், செல்வபதி செட்டியார், ராமாநுஜுலு நாயுடு போன்றவர்களும் சேர்ந்து எழுப்பிய சங்கம் அது. இந்தியாவில் முறைப்படி அமைந்த முதல் தொழிற்சங்கங்களில் அதற்கு முக்கிய இடம் உண்டு. 1920லும் 1921லும் அந்த ஆலைத் தொழிலாளர்கள் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பைக் காட்டியிருக்கிறார்கள்.

அந்த ஆலைகள் 1996ல் மூடப்பட்டன. பிறகு அந்த இடத்தில் என்ன நடந்தது? சினிமாப் படப்பிடிப்பு! தறி ஓடிய கொட்டகையில் கதாநாயகன் வில்லனைப் பந்தாடினான். சங்கு ஊதியதும் ஆயிரக்கணக்கானோர் நுழைந்த இடம் சண்டைக் காட்சிக்குத் தோதான பாழடைந்த கட்டடம் ஆகிவிட்டது. படம் பார்த்த நாமும் கை தட்டினோம். அது எந்த இடம் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த நம் பிள்ளைக்குச் சொன்னோமா?

பம்பாயைப் பாருங்கள். 1982 ஜனவரி 18ல் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதற்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று பெரிய கடைவீதி மாளிகை. 1991ல் ஒரு விதி வந்தது. ஆலை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஊருக்குத் திறந்தவெளி, ஒரு பங்கு வீட்டுவசதி, ஒரு பங்குதான் முதலாளிக்கு என்றார்கள். கேட்க நன்றாக இருந்தது. 2001ல் அதைத் திருத்தி, கட்டடம் இல்லாத காலி நிலத்தில் மட்டும் அந்தப் பங்கு என்று ஆக்கினார்கள். தொழிலாளியின் பங்கு தேய்ந்து கட்டெறும்பானது. கமலா மில் வளாகத்தில் மொட்டைமாடி விருந்துக் கூடங்கள் வந்தன. 2017 டிசம்பர் 29ந் தேதி நள்ளிரவு கழிந்து அங்கே தீப்பிடித்து, கொண்டாட வந்த 14 பேர் இறந்தார்கள். ஆலை இருந்த காலத்தில் தொழிலாளியின் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படாத லாப வெறி, விருந்தாளியின் பாதுகாப்பைப் பற்றி மட்டும் கவலைப்படுமா?

விவசாயத் தொழிலாளர்களுக்கும் இது பக்கத்துச் சேதிதான். செட்டிநாட்டில் பர்மாத் தேக்குத் தூண் வைத்த மாளிகைகள் பல இன்று ஹோட்டல்களாகவும் கல்யாண மண்டபங்களாகவும் மாறியிருக்கின்றன. தூணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தூணை வாங்கிய பணம் பர்மா விவசாயியின் வட்டியிலிருந்து வந்தது என்று அந்தப் படத்தில் தெரியுமா? தேரில் ஏறி வருகிறவனை ஊரே பார்க்கிறது. வடம் பிடிக்கிறவன் உள்ளங்கையை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

என்ன செய்யலாம்?

கப்பலை உடைக்கச் சொல்லவில்லை. மாளிகையை இடிக்கச் சொல்லவில்லை. இவையெல்லாம் உழைப்பாளி செய்தவை. அவற்றைக் காப்பதில் அவனுக்குத்தான் முதல் அக்கறை இருக்க வேண்டும். ஹார்ட்டில்பூல் அதை நிரூபித்திருக்கிறது. நாம் கேட்பது மூன்று.

பழைய ஆலையோ, பண்டகசாலையோ, துறைமுகமோ, மாளிகையோ, எதை மண்டபமாக மாற்றினாலும், அங்கே உழைத்தவர்களின் வரலாறு வாசலிலேயே எழுதப்பட வேண்டும். மூலையில் வேண்டாம், வாசலில். சம்பளம் என்ன, வேலை நேரம் என்ன, எந்தப் போராட்டம் நடந்தது, யார் மாண்டார்கள் என்று எழுத வேண்டும்.

உழைத்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு இலவசமாகத் திறக்க வேண்டும். அப்பன் தறி ஓட்டிய இடத்தை மகன் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது அநியாயம்.

மூன்றாவதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, நாமே செய்யலாம். ஒவ்வொரு மில் சங்கமும், ஒவ்வொரு கிராம விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையும் ஒரு நோட்டு போட வேண்டும். ஓய்வு பெற்ற மூத்த தோழர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் வாய்மொழியாகச் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். ஆஜர்ப் பட்டியல், சங்கச் சந்தா ரசீது, அடையாள வில்லை, வேலைநிறுத்த நோட்டீஸ், கைதானவர்களின் படம் எல்லாவற்றையும் பழைய பேப்பர்க் கடைக்குப் போகாமல் காப்பாற்ற வேண்டும். நடவு நட்ட பெண்கள் எந்த வருஷம் எந்த மிராசிடம் எத்தனை மரக்கால் கூலி உயர்த்தி வாங்கினார்கள் என்பதும் அந்த நோட்டில் ஏற வேண்டும். கையெழுத்து கோணலாக இருந்தால் குற்றமில்லை.

பம்பாயில் கலப்பத்து அடித்தவன் பெயரை எழுதிவைக்க அன்று ஒரு சங்கம் இல்லை. ஆகையால் இருநூறு வருஷம் கடலைத் தடுத்து நிறுத்திய அவன் கைக்குப் பெயரில்லாமல் போயிற்று. இன்று நமக்குச் சங்கம் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இருந்தும் எழுதாமல் விட்டால் பழியை வெள்ளைக்காரன்மேல் போட முடியாது.

இந்த வாரச் சங்கக் கூட்டத்தில் நோட்டு வாங்கக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள், தோழர்களே. முதல் பக்கத்தில் உங்கள் பட்டறையின் மிக மூத்த தொழிலாளியின் பெயர் இருக்கட்டும்.